பையனை ஏற்காட்டில் விடுவதா, பெர்கனுக்குக் கூட்டி வருவதா?

அம்மாப்பேட்டையிலிருந்து ஆகஸ்டில் நார்வே வரப்போகும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பையனுக்குப் பத்து வயது, மொழி தெரியாது. பெர்கன் பள்ளியில் மற்ற பிள்ளைகள் ஓட்டியே அழ வைத்துவிடுவார்களோ? ஏற்காட்டில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தால் நிம்மதியா அக்கா?"

கூட்டி வாருங்கள் தம்பி. நான் ஏற்காட்டு ஹாஸ்டலில் படித்தவள். வகுப்பில் எங்களுக்கு ஒரு தொல்லையும் கிடையாது. எல்லாம் விளக்கணைத்த பிறகும், காலையில் வெந்நீர் வரிசையிலும்தான். எங்களைப் படுத்திய சீனியர் அக்காக்கள் லீவில் வீட்டுக்குப் போனால் பரம சாது. பார்க்க ஆளில்லாத இடம் கிடைத்தால் வாலாட்டுவார்கள். இப்போது அங்கே கேமராவெல்லாம் வந்திருக்கலாம். அது வேறு கதை.

1982 கடைசியில் வட நார்வேயில் 3 சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணம் என்று பேச்சு எழுந்தது. மறு ஆண்டே அரசு நாடு முழுக்கப் பள்ளிகளில் இறங்கி வேலை செய்தது. அதில் முக்கியமானவர் டான் ஓல்வேயஸ், நீங்கள் வரப்போகும் பெர்கனில் பேராசிரியராக இருந்தவர். பள்ளி பெரிதா சிறிதா, வகுப்பில் எத்தனை பேர் என்பதற்கெல்லாம் பெரிய தொடர்பில்லை, இடைவேளையில் ஆசிரியர்கள் அதிகம் நின்ற பள்ளிகளில் தொல்லை குறைவு என்று அவர் கண்டார். பள்ளிக்குப் போகும் வழியில் நடப்பதைவிடப் பள்ளிக்குள் நடப்பதுதான் அதிகம் என்றும்.

அதனால் முதல் சந்திப்பிலேயே ஆசிரியரிடம் கேளுங்கள்: இடைவேளையில் மைதானத்தில் யார் நிற்பார்கள், எந்த மூலை கண்ணில் படாது? இங்கே மழையிலும் பிள்ளைகளை வெளியேதான் விடுவார்கள். பெர்கனில் மழைக்குக் குறைவேயில்லை.

அடிதடி, நான் பார்த்தவரை, குறைவு. ஆட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்கிவைப்பார்கள், அதுதான் வலிக்கும். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் வகுப்பு முழுவதையும், இல்லையென்றால் பையன்கள் எல்லோரையும் கூப்பிட வேண்டும் என்று பல பள்ளிகள் பெற்றோரிடம் சொல்வது இதற்காகத்தான். நம் வீட்டு விசேஷத்துக்கும் அது பொருந்தும்.

சட்டமும் பக்கபலம். "எனக்குப் பள்ளியில் நன்றாயில்லை" என்று பையன் சொன்னாலே போதும், சாட்சி தேவையில்லை. பள்ளி விசாரித்து, எழுத்தில் திட்டம் போட்டாக வேண்டும். தலைமையாசிரியரிடம் சொல்லி ஒரு வாரமாகியும் சரியாகவில்லையென்றால், ஸ்டாட்ஸ்ஃபோர்வால்டர் என்ற மாவட்ட அரசு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். "வந்த இடத்தில் எதற்கு வம்பு" என்று தயங்காதீர்கள். இங்கே அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.