ஆர்கானிக் ராஜ்மாவும் பத்து நிமிடக் கொதியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் ஆர்கானிக் காய், பழங்கள் மட்டும்தான். மருந்தே படாதது என்பதால் லேசாக அலசிவிட்டு அப்படியே சாப்பிடுகிறோம். சரிதானே?

பதில்: இல்லை, தேய்த்துக் கழுவித்தான் சாப்பிட வேண்டும். ஆர்கானிக் சாகுபடியில் விலக்கப்படுவது செயற்கைப் பூச்சிக்கொல்லிகளும் ரசாயன உரங்களும்தான். வேப்பெண்ணெய், பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரின், தாமிரக் கலவைகள் போன்றவற்றை விதிகளுக்கு உட்பட்டு அடிக்கலாம். இவற்றில் தாமிரம் சிதைவதே இல்லை, மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மேலும் அந்த மண்ணுக்குப் பெரும்பாலும் ஊட்டம் தருவது தொழுவுரம். சரியாக மட்காத சாணம் பட்ட காயில் ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகள் இருக்கக்கூடும். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். தோல் சீவும் பழமானாலும் முதலில் கழுவிவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தோலில் இருப்பதைக் கத்தியே சதைக்குள் கொண்டுபோய்விடும்.

ஆர்கானிக் அல்லாத பழம் வாங்க நேர்ந்தால் சமையல் சோடா உதவும். 2017இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். லிட்டருக்கு 10 கிராம், அதாவது ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்தபோது, மேல்தோலில் இருந்த ஒரு பூஞ்சைக்கொல்லி 12 நிமிடத்திலும் ஒரு பூச்சிக்கொல்லி 15 நிமிடத்திலும் நீங்கின. ஆனால் அந்தப் பூஞ்சைக்கொல்லியில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே தோலுக்குள் இறங்கியிருந்தது. உள்ளே இறங்கியது எந்தக் கழுவலுக்கும் வராது, தோலைச் சீவினால்தான் போகும். சோப்பு மட்டும் வேண்டாம், அதைப் பழம் உறிஞ்சிக்கொள்ளும்.

கேள்வி: ராஜ்மாவை இரவு ஊறவைத்து, காலையில் ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் சாப்பிட்ட மூன்று பேருக்கும் இரண்டு மணி நேரத்தில் வாந்தி. ஆர்கானிக் ராஜ்மாதான், கெட்டுப்போகவும் இல்லை. எதனால்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் ஸ்லோ குக்கர்தான். ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற புரதம் இயற்கையாகவே உண்டு. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நான்கைந்து விதைகள் உள்ளே போனாலே போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் நஞ்சு அது. உரத்தையோ மருந்தையோ பொறுத்ததல்ல என்பதால் ஆர்கானிக் முத்திரை இதில் எந்தப் பாதுகாப்பும் தராது.

இந்தப் புரதம் கொதிநிலையில்தான் அழியும். பல ஸ்லோ குக்கர்களில் உள்சூடு 80 டிகிரி செல்சியஸைக்கூட எட்டுவதில்லை. அந்தச் சூட்டில் விதை மெத்தென்று ஆகிவிடும், வெந்துவிட்டது என்றே தோன்றும், நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் நஞ்சின் வீரியம் பச்சை விதையில் இருப்பதைவிட ஐந்து மடங்குவரை கூடியதாகவும் அளந்திருக்கிறார்கள்.

ஒரு பங்கு ராஜ்மாவுக்கு நான்கு பங்கு தண்ணீர் ஊற்றி, குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவிடுங்கள். ஒரு விதையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெளிறிய, காய்ந்த திட்டு தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். கொதி வந்த பிறகு பத்து நிமிடம் என்பது கட்டாயம், முப்பது நிமிடம் என்றால் இன்னும் நிம்மதி. அதன் பிறகு எந்தப் பாத்திரத்தில் வேண்டுமானாலும் வேகவைக்கலாம். பிரஷர் குக்கரில் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதால் அங்கே இந்தப் பயம் இல்லை.

சிலர் எவ்வளவு வேகவைத்தாலும் விதை கல்லாகவே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய சரக்காக இருக்கலாம், அல்லது உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் தோலை இறுக்கியிருக்கலாம். கால் தேக்கரண்டி சமையல் சோடா போட்டால் இளகும். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பை விதை வெந்த பிறகே சேருங்கள். முன்பே சேர்த்தால் புளிப்பு விதையை வேகவிடாது.

கேள்வி: பால், முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் விட்டு எட்டு மாதம் ஆகிறது. வைட்டமின் பி12க்கு சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை சாப்பிடுகிறேன். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது. இது போதுமா?

பதில்: போதாது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். சுருள்பாசியில் பெரும்பகுதி போலி பி12. உருவத்தில் ஒத்திருக்கும், உடலுக்குப் பயன்படாது. இன்னொரு சிக்கல், இரத்தத்தில் பி12 அளவு பார்க்கும் சில பரிசோதனைகள் அந்தப் போலியையும் சேர்த்து எண்ணி, எல்லாம் சரி என்று காட்டிவிடும். மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை செய்தால் உண்மை நிலை தெரியும்.

ஹீமோகுளோபினையும் நம்ப முடியாது. கீரை, பயறுகளில் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் நிறைய இருப்பதால் இரத்தசோகை வெளியே தெரியாமலே நரம்பு பாதிக்கப்படலாம். கல்லீரலில் உள்ள பி12 கையிருப்பு சில ஆண்டுகள்கூடத் தாங்கும். அதனால்தான் எட்டு மாதத்தில் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதத்தில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, மரத்துப்போதல், நாக்கு வழவழப்பாகிப் புண்ணாதல் வந்தால் மாத்திரையோடு நிற்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள், ஊசி தேவைப்படலாம்.

தேவை ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம்தான். ஆனால் குடல் ஒரு வேளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராம்வரைதான் முறையாக உறிஞ்சும், அதற்கு மேல் போவதில் நூற்றுக்கு ஒரு பங்கே சேரும். எனவே தினமும் என்றால் 10 மைக்ரோகிராமுக்குக் குறையாமல், வாரம் ஒரு முறை என்றால் 2000 மைக்ரோகிராம். பி12 மாத்திரைகளில் சயனோகோபாலமின் என்ற வகை விலை குறைவு, கெடாமலும் இருக்கும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் அல்லது நெஞ்செரிச்சல் மாத்திரையை நீண்டநாள் எடுப்பவர்களுக்கு உறிஞ்சும் அளவு குறையும், அவர்கள் மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்யட்டும்.

கேள்வி: பூமிக்கு எது நல்லது, ஆர்கானிக் மாட்டிறைச்சியா, சாதாரணப் பட்டாணியா?

பதில்: பட்டாணிதான், சந்தேகமே வேண்டாம். 2018இல் 'சயின்ஸ்' இதழில் வந்த, 119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளை உள்ளடக்கிய ஆய்வு, 100 கிராம் புரதத்துக்கு வெளியாகும் பசுங்குடில் வாயுவைக் கணக்கிட்டது. இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டில் சராசரி 50 கிலோ, பட்டாணியில் 0.4 கிலோ. மாடு அசைபோடும்போது மீத்தேன் வருவது அதன் வயிற்றின் இயல்பு, தீவனம் ஆர்கானிக் ஆனாலும் அது நிற்காது. பட்டாணியோ வேர்முடிச்சில் தனக்கான நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும். உணவு வரும் தூரம் பற்றியும் பலர் கவலைப்படுகிறீர்கள். கப்பலில் வந்ததானால் பெரிய சுமையல்ல. அதே எடையை அதே தூரம் விமானத்தில் கொண்டுவந்தால் ஏறத்தாழ ஐம்பது மடங்கு வாயு வெளியாகும், அதைத் தவிர்க்கலாம்.

கேள்வி: பாலுக்குப் பதில் பசலைக்கீரை சாப்பிட்டால் கால்சியம் கிடைக்குமா?

பதில்: கீரையில் இருக்கிறது, உடலுக்கு வராது. கீரையில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே சேரும். முட்டைக்கோஸ், பிராக்கோலி, கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபு (சோயா பன்னீர்) நல்ல மாற்று. கால்சியம் சேர்த்த சோயா பால் வாங்கினால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும்.