சீசன் முடிந்த பிறகு சிங்க்வே தெர்ரே: நடைபயணிகளின் கேள்விகளும் பதில்களும்

இத்தாலியின் லிகூரியா கடலோரத்தில், செங்குத்தாகக் கடலில் இறங்கும் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து ஊர்கள்தான் சிங்க்வே தெர்ரே. மேற்கிலிருந்து கிழக்காக மொன்தெரோஸ்ஸோ, வெர்னாத்ஸா, கொர்னீல்யா, மனரோலா, ரியோமஜோரே. 1997-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1999-ல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு சுமார் 38 சதுர கி.மீ.தான். கோடையில் நெரிசலில் திணறும் இந்த ஊர்களுக்கு நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நடக்கப் போவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

நவம்பர் நடுவில் மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறது. குளிர் தாங்குமா? இல்லை, வசந்தம் வரை காத்திருக்கலாமா?
– கே.எஸ்., சூரிச்

சூரிச்சில் இருப்பவருக்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. பகலில் 10 முதல் 15 டிகிரி இருக்கும். தென்மேற்கு பார்த்த சரிவு என்பதால், வெயில் அடித்தால் ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவீர்கள். யோசிக்க வேண்டியது மழையைப் பற்றி. லிகூரியாவில் அக்டோபரும் நவம்பரும்தான் அதிகம் மழை கொட்டும் மாதங்கள். கோடை முழுக்கச் சூடேறிய கடலிலிருந்து ஈரக்காற்று வந்து, கடலோரத்திலேயே நிமிர்ந்து நிற்கும் மலையில் மோதுகிறது. மேகம் நகராமல் ஒரே இடத்தில் நின்று கொட்டித் தீர்க்கும். 2011 அக்டோபர் 25 அன்று அப்படித்தான் சில மணி நேரத்தில் ஓடைகள் பெருகி, மொன்தெரோஸ்ஸோவின் தெருக்களும் வெர்னாத்ஸாவின் தெருக்களும் சேற்றிலும் கல்லிலும் புதைந்தன. உயிர்ச்சேதமும் ஆனது.

அதனால் போகவே கூடாது என்று சொல்லவில்லை. கிளம்புவதற்கு முந்தைய மாலை லிகூரியா மாநில வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலை உண்டு. ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் பூங்காப் பாதைகளை மூடிவிடுவார்கள். மஞ்சளிலும் சில துண்டுகளை மூடுவது உண்டு. கயிறு கட்டி, பலகை வைத்திருந்தால் தாண்டிப் போகாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம், ஆனால் மேலே 400 மீட்டர் உயரத்தில் பெய்த மழை உங்கள் பாதையைக் குறுக்கே வெட்டும் ஓடையில்தான் இறங்கி வரும்.

மூன்று நாளில் இரண்டு நாள் நடை, ஒரு நாள் கையிருப்பு என்று வையுங்கள். பெருமழை ஓய்ந்த மறுநாளும் நடக்காமல் இருப்பது நல்லது. மண் நீரைக் குடித்து ஊறிய பிறகுதான், சரிவில் தோட்ட அடுக்குகளைத் தாங்கும் சுவரும் கல்லும் சரிகின்றன. தேதி உங்கள் கையில் இருந்தால் பிப்ரவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது மழை குறைவு, பகலும் நீளத் தொடங்கியிருக்கும். வடக்கிலிருந்து த்ரமொந்தானா காற்று வீசும் நாளில் வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும்.

ஐந்து ஊரையும் கடலோரப் பாதையில் ஒரே மூச்சில் நடந்துவிடலாம் என்கிறார்கள். உண்மையா? கட்டணம் உண்டா?
– ஆர். எம்., சென்னை

பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். ‘நீலப் பாதை’ எனப்படும் கடலோரப் பாதையில் நான்கு துண்டுகள் உண்டு. கொர்னீல்யாவுக்கும் மனரோலாவுக்கும் இடையிலான துண்டு நிலச்சரிவால் பல ஆண்டுகளாக மூடிக்கிடக்கிறது. மனரோலா – ரியோமஜோரே துண்டுக்கு ‘காதல் பாதை’ என்று பெயர். 2012 செப்டம்பரில் பாறை விழுந்து நடைபயணிகள் காயமடைந்ததால் மூடப்பட்டது. மலைமுகத்தில் வலை போர்த்தி, பாறைகளை ஆணியடித்து இறுக்கி, 2024 கோடையில் முழுவதுமாகத் திறந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அந்தத் தூரத்துக்குத் தனிக் கட்டணமும் நேரம் குறித்த முன்பதிவும் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் பராமரிப்புக்காக மூடினாலும் மூடுவார்கள், பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

ஆக, கடலோரமாக நீங்கள் நடக்கப்போவது முதல் இரண்டு துண்டுகள். மொன்தெரோஸ்ஸோ – வெர்னாத்ஸா சுமார் 3.5 கி.மீ., இரண்டு மணி நேரம். வெர்னாத்ஸா – கொர்னீல்யா கிட்டத்தட்ட அதே தூரம், ஒன்றரை மணி நேரம். கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று நினைக்க வேண்டாம். முழுக்கப் படியேறி இறங்கும் தூரம் இது. இரண்டு துண்டுகளிலும் உச்சி சுமார் 200 மீட்டரைத் தொடும்.

மொன்தெரோஸ்ஸோவிலிருந்தே தொடங்குங்கள். செங்குத்தான படிகள் அந்தப் பக்கம்தான் அதிகம். ஈரக்கல்லில் ஏறுவது எளிது, இறங்குவதுதான் ஆபத்து. காலை 9 மணிக்குப் புறப்பட்டால் 11 மணிக்கு வெர்னாத்ஸா. சாப்பிட்டு ஓய்ந்து நடந்தால் ஒன்றரை மணிக்குக் கொர்னீல்யா. அந்த ஊர் கடலிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு லர்தரீனா என்ற படிக்கட்டில் இறங்க வேண்டும், 380 படிகளுக்கு மேல்.

இரண்டாவது நாள், மூடிக்கிடக்கும் துண்டுக்குப் பதிலாகக் கொர்னீல்யாவிலிருந்து மேலேறி, மனரோலாவுக்கு மேலே உள்ள வொலாஸ்த்ரா என்ற சிற்றூர் வழியாக மனரோலாவுக்கு நடங்கள். பலகைகளில் 587, பிறகு 586, கடைசியாக 506 என்ற எண்களைத் தொடர வேண்டும். பாறையிலும் மரத்திலும் சிவப்பு–வெள்ளைப் பட்டை அடையாளம் இருக்கும். சுமார் 6 கி.மீ., மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காட்டு வழியே கடும் ஏற்றம் முடிந்ததும், திராட்சைத் தோட்ட விளிம்பில் சமதளமாக ஒரு நடை வரும். இந்தப் பூங்காவில் ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். கடலோரத் துண்டுகளைவிட இதுவே அழகு. வொலாஸ்த்ராவிலிருந்து மனரோலாவுக்கு இறங்கும் கல்படிகள் நனைந்திருந்தால் வீம்பு வேண்டாம், ஊர் பஸ்ஸில் இறங்கிவிடலாம்.

முதல் இரண்டு துண்டுகளுக்குச் சீசனில் பூங்கா அட்டை வாங்க வேண்டும். கடந்த ஆண்டுகளில் நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை அந்தக் கட்டணம் இல்லை. மேலே உள்ள பாதைகளுக்கு எப்போதுமே கட்டணம் கிடையாது.

டிசம்பரில் எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும்? நடுவழியில் இருட்டிவிட்டால்?
– வி. என்., ஈரோடு

டிசம்பரில் மாலை 4.45-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஓடைப் பள்ளங்களிலும் மரங்களுக்கு அடியிலும் அதற்கு முன்பே மங்கிவிடும். 3.30-க்கு ஏதாவதொரு ஊருக்குள் இருக்கும்படி கணக்கிடுங்கள். ஒரு மணிக்கு மேல் புதிதாக எந்தத் துண்டையும் தொடங்காதீர்கள். தலையில் மாட்டும் விளக்கு பையில் இருக்கட்டும், கைபேசி வெளிச்சத்தில் படி இறங்கினால் ஊன்ற ஒரு கை இல்லாமல் போகும்.

ஊருக்கு ஊர் ரயிலில் சில நிமிடம்தான். ஆனால் கோடைபோல அடிக்கடி வராது, ஏறத்தாழ மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர அட்டவணையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். படகுச் சேவை குளிர்காலத்தில் இல்லை. அவசர உதவிக்கு 112.

சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா? வேறு என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?
– டி. பி., திருச்சி

அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பள்ளம் ஆழமாக, ஓரம் தேயாமல் இருந்தால் போதும். வழவழவென்று தேய்ந்திருந்தால் வேண்டாம். ரப்பர் செருப்போடு பாதையில் இறங்கினால் 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை அபராதம் என்று 2019-ல் அறிவித்தார்கள்.

அந்தப் படிகளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் காரணம் புரியும். மணற்கல் படிகள். தலைமுறை தலைமுறையாகக் கால்பட்டு நடுவில் குழிந்து, விளிம்பு உருண்டு போயிருக்கும். ஒன்று ஒரு சாண் உயரம், அடுத்தது முழங்காலில் பாதி. குழியில் மழைநீர் தேங்கும். பாதை ஓடைப் பக்கம் வளைந்து உள்ளே போகும் இடங்களில் வெயில் படாததால் கல்மேல் பச்சையாகப் பாசி படரும். அதன்மேல் ஓக் இலையோ பைன் ஊசியோ உதிர்ந்து மூடினால் பாசி இருப்பதே தெரியாது. வழுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில், மலைப்பக்கம் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டே இறங்கியவர்கள். காட்சியைப் பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள். இறங்கும்போது குழிந்த நடுவை விட்டு, மலைப்பக்க ஓரத்தில் பாதம் முழுவதும் பதியும்படி வையுங்கள். பல இடங்களில் கைப்பிடி இல்லை, ஒருவர் நடக்கும் அகலம்தான்.

ஊன்றுகோல் கொண்டுபோனால் நுனிக்கு ரப்பர் மூடி போடுங்கள். இரும்பு முனை கல்லில் சறுக்கும், சுவரின் இடுக்கில் நுழைந்து கல்லையும் பெயர்க்கும். குடை உதவாது, காற்று பிடுங்கிவிடும். இடுப்புக்குக் கீழே இறங்கும் மழைக்கோட்டு, உள்ளே மெல்லிய கம்பளிச் சட்டை, மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி காலுறை. தண்ணீர் ஒரு லிட்டர் போதும். ஊர்களில் குடிநீர்க் குழாய் உண்டு, இடையில் கிடையாது.

அம்மாவுக்கு 67 வயது, மூட்டுவலி. அழைத்துப் போகலாமா?
– எல்., கோவை

தாராளமாக. காதல் பாதை திறந்திருந்தால் அதுவே அவருக்கு ஏற்றது, கிட்டத்தட்ட சமதளம். கொர்னீல்யாவில் லர்தரீனா படிகளில் ஏற வைக்காதீர்கள், நிலையத்திலிருந்து மேலே போகச் சிறு பஸ் உண்டு. கால் ஒத்துழைத்தால் மனரோலாவிலிருந்து பஸ்ஸில் வொலாஸ்த்ரா போய், 586-ல் திராட்சைத் தோட்டத்தின் ஓரமாக அரை மணி நேரம் நடந்து வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஏற்றமே தெரியாமல் உயரத்திலிருந்து கடலைப் பார்க்கலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு எதிரி ஏற்றமல்ல, இறக்கம்.

எங்கள் மலையிலும் கல் அடுக்கித்தான் வரப்பு கட்டுகிறோம். அங்கே சாந்தே இல்லாமல் கட்டிய சுவர்கள் எப்படி நிற்கின்றன? ஏன் சரிகின்றன?
– எஸ். ஜே., கொடைக்கானல்

சாந்து இல்லாததால்தான் நிற்கின்றன. முதலில் பாறையோ கெட்டி மண்ணோ தட்டுப்படும்வரை அடித்தளம் தோண்டி, பெருங்கற்களை அடியில் வைக்கிறார்கள். சுவர் செங்குத்தாக நிற்காது, மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு கல்லும் கீழ்வரிசையின் இரண்டு கற்களுக்கு நடுவே உட்கார வேண்டும். இடையிடையே நீளக்கல்லை உட்பக்கமாகச் செருகிச் சுவரை மண்ணோடு பிணைப்பார்கள். முக்கியமானது வெளியே தெரியாது. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் சின்னக் கற்களைக் கொட்டி நிரப்பிய ஒரு அடுக்கு இருக்கும். மழைநீர் அதற்குள் இறங்கி, கல் இடுக்குகள் வழியாகக் கசிந்து வெளியேறிவிடும். சிமென்ட் பூசினால் நீருக்கு வழியில்லாமல், அதன் பாரமே சுவரைத் தள்ளிவிடும்.

கவனிக்க ஆளில்லாதபோது அந்தக் கல்லடுக்கு வண்டலால் அடைபடுகிறது. சுவர் நடுவில் வயிறு தள்ளும். அடுத்த பெருமழையில் ஒரு கல் கழன்றால், மேலே உள்ள மண் முழுவதும் கீழ்ச் சுவரின்மேல் விழும். அதுவும் சரியும். இருபதாம் நூற்றாண்டில் ஊர்மக்கள் பக்கத்து நகரமான லா ஸ்பெத்ஸியாவின் துறைமுகத்துக்கும் கடற்படைத் தளத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போய்விட, மேலடுக்குத் தோட்டங்கள் தரிசாயின. காட்டுப்பன்றிகள் வேறு சுவரடியைக் கிளறுகின்றன. பாதையில் நீங்கள் பார்க்கும் சரிவுகளில் பல, உழுது பயிரிடாமல் விட்ட நிலத்திலிருந்து தொடங்கியவையே. இந்தச் சுவர்க்கட்டு வேலையை 2018-ல் யுனெஸ்கோ, இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் மரபுக்கலையாகப் பட்டியலில் சேர்த்தது.

நடப்பவர்களுக்கு இதில் ஒரு வேலை உண்டு. சுவர்மேல் உட்காராதீர்கள், எதிரே வருபவருக்கு வழிவிட அதன்மேல் ஏறாதீர்கள். உச்சிக்கல் அசைந்தால் கீழே உள்ளதெல்லாம் தளரும். வயிறு தள்ளிய சுவரைக் கண்டால் நின்று படமெடுக்காமல் கடந்து போங்கள். பாதையைக் குறுக்கிடும் ஒற்றைத் தண்டவாளம் அறுவடையின்போது திராட்சைக் கூடைகளை ஏற்றி இறக்குவதற்கானது, அதன்மேலும் கால் வைக்க வேண்டாம்.

நாங்கள் சைவம். சீசன் இல்லாத நேரத்தில் சாப்பாடு கிடைக்குமா?
– பி. கே., யாழ்ப்பாணம்

கிடைக்கும், ஆனால் நடக்கும் ஊரில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். குளிர்காலத்தில் பல கடைகளுக்குப் பூட்டு. தங்குவதற்கு லா ஸ்பெத்ஸியாவையோ, மொன்தெரோஸ்ஸோவுக்கு அடுத்துள்ள லெவாந்தோவையோ தேர்ந்தெடுத்தால் சாப்பாட்டுக் கவலை பாதி தீரும். லா ஸ்பெத்ஸியாவில் ஃபரினாத்தா கேளுங்கள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். கரைத்து ஊறவைத்து, அகலமான தட்டில் மெல்லியதாக ஊற்றி விறகடுப்பில் சுடுவார்கள். மேலே மொறுமொறு, உள்ளே மெத்து, நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். நடைக்குக் கட்டிக்கொள்ள ஃபொகாச்சா ரொட்டி நல்லது, ஆறினாலும் கெடாது. வாங்கும்போது நெத்திலி மீன் இல்லாததா என்று கேளுங்கள், மொன்தெரோஸ்ஸோ நெத்திலிக்குப் பேர்போன ஊர். பெஸ்தோ என்ற பாஸில் இலைச் சட்னியில் பாலாடைக்கட்டி கட்டாயம் இருக்கும்.

குளிர்காலத்தில் பெரிய அலைகளைப் படமெடுக்க வேண்டும். எங்கே நிற்கலாம்?
– ஏ. ஆர்., சிங்கப்பூர்

மேலே நில்லுங்கள். மனரோலாவில் எதிர்க்குன்றுப் பாதையிலிருந்தும், வெர்னாத்ஸாவில் மொன்தெரோஸ்ஸோ பாதை தொடங்கும் படிகளிலிருந்தும் ஊரும் அலையும் சேர்ந்தே கிடைக்கும். துறைமுகச் சுவரிலும் பாறையிலும் வேண்டாம். தென்மேற்கிலிருந்து லிபெச்சியோ காற்று கிளம்பினால், பத்து நிமிடம் நனையாமல் இருந்த பாறையை அடுத்த அலை முழுதாக மூடும். கல்லில் கால் வழுக்கி உள்ளே போனவரைக் கரையேற்றுவது மிகக் கடினம்.

கடலின் நிலையை அறிய எந்தச் செயலியும் தேவையில்லை. துறையில் இறங்கியதும் படகுகளைப் பாருங்கள். நீரில் கட்டியிருந்தால் கடல் அமைதி. இழுத்துத் தெருவில் ஏற்றி, வீட்டுவாசல்களுக்கு எதிரே வரிசையாக நிறுத்தியிருந்தால், அன்று கேமராவோடு மேலேயே இருங்கள்.