எஃப்டி8 இயக்கும்போது ஏஎல்சி முள் அசையாமல் இருந்தும் என் சிக்னல் மூன்று இடங்களில் தெரிவது ஏன்? ஒலி அளவை எப்படி வைக்க வேண்டும்?

மன்னார்குடியிலிருந்து 40 மீட்டர் அமெச்சூர் ரேடியோ அலைவரிசையில், கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 முறையில் இயங்கும் நீங்கள், பழைய டிரான்ஸ்சீவர் (அனுப்பவும் வாங்கவும் உதவும் ரேடியோ) ஒன்றின் மைக் இணைப்பில் தனி யுஎஸ்பி சவுண்ட் கார்டைச் சேர்த்திருப்பதாகவும், 750 ஹெர்ட்ஸில் அனுப்பும் சிக்னல் 1500-லும் 2250-லும் மங்கலாகத் தெரிவதாகத் தஞ்சாவூர் நண்பர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று எண்களே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. 1500 என்பது 750-இன் இருமடங்கு, 2250 மும்மடங்கு. ஒலி அலையின் உச்சி எங்கோ ஓரிடத்தில் மழுங்கி, ஹார்மானிக்ஸ் என்று நாம் சொல்லும் மடங்கு அதிர்வெண்கள் பிறந்திருக்கின்றன. ரேடியோவின் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) ஃபில்டர் ஏறக்குறைய 300 முதல் 2700 ஹெர்ட்ஸ் வரை வழிவிடுவதால், அவை மூன்றும் ஆன்டெனா வரை போய்விடுகின்றன.

பாபநாசத்தில் நான் இதைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் இதே தவற்றைச் செய்தேன். சிக்னல் அளவு மீறினால் தானாகவே குறைக்கும் ஏஎல்சியின் முள் பூஜ்ஜியத்தில் இருந்தால் எல்லாம் சரி என்று எங்கோ படித்துவிட்டு, விண்டோஸ் ஒலி அளவையும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற எஃப்டி8 மென்பொருளின் பவர் ஸ்லைடரையும் உச்சத்தில் வைத்து, ரேடியோவின் மைக் கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) மட்டும் குறைத்து முள்ளை அடக்கி வைத்திருந்தேன். கும்பகோணத்து மூத்த ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, நீங்க ஒரு ஆளு, பேண்டுல மூணு ஆளு எடத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க" என்றபோதுதான், ஏஎல்சி என்பது ரேடியோவின் கடைசிக் கட்டத்தை மட்டுமே பார்க்கும் காவலாளி என்பது எனக்கு உறைத்தது. சவுண்ட் கார்டின் வெளியீட்டிலேயே அலை சிதைந்துவிட்டால், அந்தச் சிதைந்த அலையை மைக் கெயின் அப்படியே சிறிதாக்கித் தரும். ஏஎல்சிக்கு அது தெரியவே தெரியாது. தலைமதகில் தண்ணீரை அளவுக்கு மேல் திறந்துவிட்டு வாய்க்கால் கரை உடைந்த பிறகு, வயல் மடையை அடைத்து என்ன பயன்?

ஆகவே கணினியிலிருந்து ஆன்டெனாவை நோக்கி, கட்டம் கட்டமாக வாருங்கள். விண்டோஸில் அந்த சவுண்ட் கார்டை 48000 ஹெர்ட்ஸ், 16 பிட் என வைத்து, ஒலியை மெருகேற்றும் வசதிகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். விண்டோஸின் மணியோசைகள் வேறு ஸ்பீக்கருக்குப் போகட்டும். இல்லையென்றால் மின்னஞ்சல் வரும் ஓசையும் 40 மீட்டரின் எஃப்டி8 அதிர்வெண்ணான 7.074 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும். வெளியீட்டு அளவைப் பாதியில் தொடங்குங்கள். ரேடியோவில் பேச்சொலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரஸர் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். சவுண்ட் கார்டின் வெளியீடு ஒரு வோல்ட்டை நெருங்கக்கூடியது. மைக் உள்ளீடோ சில மில்லிவோல்ட்டுகளையே எதிர்பார்ப்பது. நடுவே 100 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைக் கொண்டு ஒரு பிரிப்பான் அமைத்தால் ஏறக்குறைய 40 டெசிபல் குறையும். அதைச் செய்த பிறகுதான் மைக் கெயின் குமிழைச் சற்றே தொட்டாலும் ஏஎல்சி முள் துள்ளிக்கொண்டிருந்த நிலை என் ரேடியோவில் மாறியது. சவுண்ட் கார்டு உள்ளேயே அமைந்த ஐகாம் 7300 போன்ற ரேடியோக்களில் இந்தத் தொல்லை இல்லை. மெனுவில் யுஎஸ்பி மாடுலேஷன் அளவைத் திருத்தினால் போதும்.

இனிச் சோதனை. ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வெப்பமாக்கும் டம்மி லோடில், மென்பொருளின் ட்யூன் பொத்தானை அழுத்தி, ஏஎல்சியை அல்லாமல் பவர் மீட்டரைப் பாருங்கள். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் பவர் ஸ்லைடரை நகர்த்தும்போது அதன் அளவு டெசிபலில் தெரியும். ஸ்லைடரை 3 டெசிபல் குறைத்தால் பவர் பாதியாக வேண்டும். 40 வாட் 20 ஆனால் சங்கிலி முழுவதும் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். 40 வாட் 36 ஆக மட்டுமே குறைந்தால், ஏதோ ஒரு கட்டம் நிரம்பி வழிகிறது. அது எந்தக் கட்டம் என்பதை, விண்டோஸ் அளவையும் மைக் கெயினையும் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஏஎல்சி முள் காட்டாத சிதைவையும் இந்த எளிய கணக்கு காட்டிக்கொடுப்பதால், எனக்கு மீட்டரைவிட இதன்மீதுதான் நம்பிக்கை அதிகம். எஃப்டி8 அனுப்பும் ஒவ்வொரு 15 நொடிச் சுற்றிலும் 12.64 நொடி முழு வீச்சில் அனுப்புவதால், 100 வாட் ரேடியோவில் 30 முதல் 40 வாட்டுக்கு மேல் கேட்காதீர்கள். அந்தக் குறைப்பை ரேடியோவின் பவர் குமிழில் செய்வதைவிட ஸ்லைடரில் செய்வது நல்லது. பல ரேடியோக்களில் பவர் குமிழ் ஏஎல்சியின் வழியாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் ஸ்லைடரை மட்டும் வைத்து ஒரு வாட்டுக்கு இறங்காதீர்கள். சிக்னல் சிறுத்துவிடும், பின்னணியில் இருக்கும் ஹம் என்ற மின் முணுமுணுப்பு அப்படியே நிற்கும்.

ஹம் என்றதும் இன்னொரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கியும் 2017-இல் வெளியிட்ட எஃப்டி8 முறையில், எட்டுத் தொனிகள் 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்து, மொத்தம் 50 ஹெர்ட்ஸ் அகலமே பிடிக்கும். இரண்டாம் ஹார்மானிக்கில் அந்த இடைவெளியும் இருமடங்காகிவிடுவதால், வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைக் காட்டும் திரையில்) அகலமான நிழல் தெரியுமே தவிர, மென்பொருளால் அதைப் படிக்க முடியாது. மாறாக, உங்கள் அழைப்பு 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் தள்ளி இருபுறமும் மீண்டும் படிக்கப்படுவதாக யாராவது சொன்னால், அது ஒலி அளவுக் குற்றம் அன்று. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம் ஒலிக் கம்பியில் ஏறியிருக்கிறது. எர்த் இல்லாத பிளக்கில் செருகிய லேப்டாப் சார்ஜர்தான் என் வீட்டில் குற்றவாளி. ட்யூன் செய்யும்போது சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நிழல் மறைந்தால் ஓர் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போதும்.

டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் அமைப்புகளில் ஸ்பிளிட் என்பதில் ஃபேக் இட்டைத் தேர்ந்தெடுத்தால், அனுப்பும் ஒலி எப்போதும் 1500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும்படி மென்பொருளே டயலை நகர்த்திக்கொள்ளும். அப்போது இரண்டாம் ஹார்மானிக் 3000-க்கு மேல் போய் ஃபில்டரில் நின்றுவிடும். இதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அளவைச் சரிசெய்வதற்குப் பதிலாக அன்று.

சிக்னலை வாங்கும் பக்கம் இவ்வளவு சிக்கல் இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் மென்பொருளின் இடது ஓரத்து மீட்டர் 30 டெசிபலை ஒட்டி நின்றால் போதும். குறுவைக்கு மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் நம் பகுதிக் கம்பங்களில் தளர்ந்த இணைப்புகளும் பழைய இன்சுலேட்டர்களும் பொறிவிட்டு அது 45 வரை ஏறக்கூடும். ஐப்பசி இடியிலும் அப்படித்தான். அதைக் குமிழால் 30-க்கு இறக்குவதால் ஒரு நிலையம்கூடக் கூடுதலாகக் கிடைக்காது, ஏனெனில் இரைச்சலோடு சிக்னலும் சேர்ந்தே இறங்கும்.

பிஎஸ்கே31 என்ற இன்னொரு டிஜிட்டல் முறைக்குப் போனால் மட்டும் ஏஎல்சி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எஃப்டி8-இன் வீச்சு மாறாதது, எனவே ஏஎல்சி சிறிது அசைந்தாலும் பெரிய கேடில்லை. பிஎஸ்கே31-இன் வீச்சோ அலையின் ஃபேஸ் தலைகீழாக மாறும் ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்தைத் தொட்டு எழுவது. அங்கே ஏஎல்சி குறுக்கிட்டால் சிக்னல் இருபுறமும் பரவிவிடும்.

முதலில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். எதையும் திருகுவதற்கு முன், தஞ்சாவூர் நண்பரிடம் அவருடைய ரிசீவரில் சிக்னலைக் குறைக்கும் 20 டெசிபல் அட்டெனுவேட்டரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் சிக்னலும் நிழல்களும் ஒரே அளவாக 20 டெசிபல் இறங்கினால் கோளாறு உங்களிடம் இருக்கிறது. சிக்னல் 20 மட்டுமே இறங்கி, நிழல்கள் அதைவிட அதிகமாகச் சரிந்தால், பக்கத்திலிருந்து வரும் உங்கள் வலுவான சிக்னலைத் தாங்காமல் திணறுவது அவருடைய ரிசீவர்தான்.