சாம்பா போன்ற திறமூல சர்வர் மென்பொருளுக்குச் சோதனை மட்டும் எழுதித் தருவது பங்களிப்பு ஆகுமா?

ஆகும். சாம்பாவைப் பொறுத்தவரை நிரலைக் காட்டிலும் சோதனைக்கே ஆயுள் அதிகம் என்றுகூடச் சொல்வேன்.

சாம்பாவுக்குச் சோதனைகள் எழுதிப் பழக விரும்புவதாகவும், "டெவலப்மென்ட் என்றால் வெளியே சொல்லிக்கொள்ளலாம், டெஸ்டிங்கை யார் மதிப்பார்கள்?" என்று உடன் வேலை செய்பவர்கள் சிரித்ததாகவும் கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் பழக்கப்பட்டது. நீங்கள் ஏதோ ஓர் அலுவலகத்தில் சர்வர் பராமரிப்பில் இருக்கிறீர்கள், சி மொழியும் பைத்தானும் ஓரளவு தெரியும், வேலை மாறும்போது காட்டுவதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: லினக்ஸ் சர்வரில் இருக்கும் கோப்புறைகளை விண்டோஸ் கணினிகளுக்கு நெட்வொர்க் டிரைவாகக் காட்டுவதும், 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலராக (அலுவலகக் கணினிகளும் பயனர் கணக்குகளும் சேர்ந்த டொமைனை நிர்வகிக்கும் சர்வராக) நின்று பயனர்களின் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதும் சாம்பாவின் வேலை. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1991 இறுதியில் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது இதைத் தொடங்கினார். நெறிமுறை, அதாவது கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதிகள், பற்றிய ஆவணம் எதுவும் அவர் கையில் இல்லை. நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்து, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வருகிறது என்று பார்த்துத்தான் முதல் சர்வரை எழுதினார். ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக 2004-ல் கொடுத்த தீர்ப்பை நீதிமன்றம் 2007 செப்டம்பரில் உறுதி செய்த பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில் 10,000 யூரோ ஒருமுறைக் கட்டணம் செலுத்தி, நெறிமுறை ஆவணங்களைப் பெறும் ஒப்பந்தம் சாம்பா அணிக்காகக் கையெழுத்தானது. அதுவரை, "இந்த இடத்தில் சர்வர் என்ன பதில் சொல்ல வேண்டும்?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விண்டோஸையே கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படிக் கேட்பதற்காக எழுதப்பட்டவைதான் இந்தச் சோதனைகள். எஸ்எம்பி டார்ச்சர் என்று பெயர் வைத்த தொகுப்பு இருக்கிறதே, அது சாம்பாவைச் சோதிக்கும் அதே கேள்விகளை ஓர் அசல் விண்டோஸ் சர்வரிடமும் கேட்கும். ஒரே சீரற்ற கட்டளை வரிசையை இரண்டு சர்வர்களுக்கும் அனுப்பி, பதில்கள் எங்கே விலகுகின்றன என்று காட்டும் ஜென்டெஸ்ட் என்ற கருவியும் இதே குடும்பம்தான். ஆவணங்கள் வந்த பிறகும் இவை ஓய்வு பெறவில்லை. ஆவணம் ஒன்று சொல்லி விண்டோஸ் வேறொன்று செய்த இடங்களை இந்தச் சோதனைகள் காட்டிக்கொடுத்து, மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்தைத் திருத்தியதும் உண்டு.

என் கதைக்கு வருகிறேன். சென்னையில் ஒரு பதிப்பகத்தின் சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். தயாரிப்புப் பிரிவில் ஒரு பழைய மேக் கணினி இருந்தது. அதிலுள்ள கோப்புகள் இரவுதோறும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக லினக்ஸ் சர்வருக்கு வரும். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் அவற்றைச் சாம்பா வழியாக விண்டோஸில் திறப்பார்கள். ஒரு நாள் கணக்கர் அம்மா என்னை அழைத்து, "சார், ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருக்கு. எதுல எழுதறது?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் 'கொள்முதல்' என்ற பெயரில் இரண்டு எக்செல் கோப்புகள் அடுத்தடுத்து இருந்தன. ஒரே கோப்புறையில் ஒரே பெயர் இருமுறை வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓசியில் கிடைக்கும் சாஃப்ட்வேர் இப்படித்தான். சாம்பாவில் பிழை, நீங்களே திருத்துங்கள்" என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்.

சர்வரில் அந்தப் பெயர்களைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தபோது, '.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என்ற வால் நீங்கலாக, ஒன்று 27 பைட், மற்றொன்று 30 பைட் என்று தெரிந்தது. யூனிகோடில் 'ொ' என்ற குறிக்குத் தனியிடம் உண்டு. 'ெ', 'ா' என்ற இரண்டு குறிகளை அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே உருவம்தான் வரும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களை எப்போதும் பிரித்தே சேமிக்கும். விண்டோஸில் நம் விசைப்பலகைகள் பொதுவாகச் சேர்ந்த வடிவத்தைத் தட்டும். ஆகவே மேக்கிலிருந்து வந்தது ஒன்று, கணக்கர் அதே பெயரைத் தட்டிச் சேமித்தது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

சாம்பாவில் பெயர் வந்து சேரும் இடத்தில், பிரிந்திருப்பதைச் சேர்த்து எழுதும் நிரலைச் செருகுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. மேலாளர் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனால் அதைத் தொடுவதற்கு முன், எஸ்எம்பி டார்ச்சர் பாணியில் ஒரு சிறிய சோதனை எழுதினேன். 'ஏற்கெனவே இருந்தால் பிழை சொல்' என்ற நிபந்தனையோடு முதலில் சேர்ந்த வடிவப் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கு. அதே நிபந்தனையோடு பிரிந்த வடிவத்தில் இன்னொன்றை உருவாக்கு. பிறகு கோப்புறையைப் பட்டியலிடு. இவ்வளவுதான். 180 நாள் மதிப்பீட்டுப் பிரதியாக மைக்ரோசாஃப்ட் தரும் விண்டோஸ் சர்வரை ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவி, அதன் மீது ஓட்டினேன். இரண்டாவது கோப்பும் மறுப்பேதும் இல்லாமல் உருவானது; பட்டியலில் இரண்டும் நின்றன. சாம்பா மீது ஓட்டியபோதும் அதே விடை வந்தது. ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும் விண்டோஸ், இந்த 'கொ'வையும் அந்த 'கொ'வையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. சாம்பா விண்டோஸைப் போலவே நடந்துகொண்டிருந்தது. மேலாளர் சொன்னபடி செய்திருந்தால், இரண்டு பெயர்களும் இருக்கும் ஒரு விண்டோஸ் கோப்புறையை எங்கள் சர்வருக்கு நகலெடுக்கும் நாளில் ஒரு கோப்பு மற்றொன்றைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டிருக்கும்.

கோளாறு, கோப்புகள் சர்வருக்கு வந்துசேரும் வழியில்தான் இருந்தது. ஆர்சிங்கில் பெயர்களை மேக் வடிவத்திலிருந்து மாற்றித் தரும் ஐகான்வ் என்ற விருப்பம் 3.0 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆப்பிள் தன் கணினியில் வைத்திருந்ததோ 2.6.9. புதியதை நிறுவி, விருப்பத்தைச் சேர்த்து, ஏற்கெனவே வந்து குவிந்த பெயர்களைக் கான்வ்எம்வி என்ற பெயர் மாற்றும் கருவி கொண்டு திருத்தியதும் விஷயம் முடிந்தது. (ஆர்சிங்கையும் ட்ரிட்ஜெல்தான், பால் மக்கெராஸுடன் சேர்ந்து, 1996-ல் வெளியிட்டார். மனிதரை எந்தப் பக்கம் திரும்பினாலும் சந்திக்க வேண்டியிருக்கிறது.) காட்டியா என்ற துணைக்கூறு இருக்கிறதே, அதை வைத்துச் சாம்பாவிலேயே மாற்றியிருக்கலாமே என்று யாராவது பின்னூட்டத்தில் வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என்று மாற்றுவது, இரண்டு குறிகளை ஒன்றாக்க அதனால் முடியாது.

ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் எழுதியது என்ன தெரியுமா? "சர்வர் மென்பொருளில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை." செய்யாமல் தடுத்ததற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று தைத்த இடம் இதுதான்.

கோப்பாவது பரவாயில்லை, அழிந்தாலும் காப்புப் பிரதி இருக்கும். உள்நுழைவு நின்றுவிட்டால் அலுவலகமே நிற்கும். 2023 ஜூலையில் விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கு வந்த மாதாந்தரப் புதுப்பிப்புக்குப் பிறகு, சாம்பா டொமைன் கன்ட்ரோலரை நம்பியிருந்த பல இடங்களில் கணினிக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை உறவு முறிந்துவிட்டதாகச் செய்தி வரத் தொடங்கியது. காரணம் மிகச் சிறியது. புதுப்பிப்பு பெற்ற விண்டோஸ், கணினி டொமைன் கன்ட்ரோலரோடு பேசும் நெட்லாகன் நெறிமுறையில் "உன் திறன்கள் என்ன?" என்ற வழக்கமான கேள்வியை நிலை 1-ல் கேட்டுவிட்டு, அதுவரை ஆவணத்தில் இல்லாத நிலை 2-லும் கேட்டது. புதுப்பிப்பு பெறாத விண்டோஸ் சர்வர் அதற்கு "செல்லாத குறி" என்ற பொருள்படும் பிழையைத் திருப்பும். சாம்பாவும் "இல்லை" என்றுதான் சொல்ல முயன்றது. ஆனால் அந்தப் பதிலைப் பொட்டலம் கட்டும் கட்டத்தில் தடுக்கி, "தரவு கெட்டுவிட்டது" என்ற வேறொரு பிழையை அனுப்பியது. மறுப்பதிலும் சரியான மறுப்பு வேண்டும் என்று விண்டோஸ் எதிர்பார்த்தது. ஜூலை 19-ல் 4.18.5 பதிப்பில் திருத்தம் வந்தது. இல்லாத நிலைகளைக் கேட்டால் எந்தப் பிழை வர வேண்டும் என்று பார்க்கும் சோதனையும் அதற்காக எழுதப்பட்டது. அந்தச் சோதனை முன்பே இருந்திருந்தால் அந்த வாரம் பலருடைய தூக்கம் தப்பியிருக்கும். ஆவணத்தில் இல்லாத நிலைக்கு யார் சோதனை எழுதுவார்கள் என்று கேட்கலாம், நியாயம்தான். 'ஒன்றைத் தவிர மற்ற எண்கள்' என்று கேட்டுப் பார்க்க ஆவணம் தேவையில்லை என்பது என் பதில்.

இதற்கெல்லாம் சர்வர் அறை வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். சாக்கெட் ராப்பர் என்ற நூலகம், நெட்வொர்க் இணைப்புகளை எல்லாம் ஒரே கணினிக்குள் யூனிக்ஸ் சாக்கெட்டுகளாகத் திருப்பிவிடும்; யூஐடி ராப்பர், சாதாரணப் பயனரை, முழு அதிகாரமுள்ள ரூட் போல நடிக்க வைக்கும். இவற்றின் புண்ணியத்தில் டொமைன் கன்ட்ரோலர், உறுப்பினர் சர்வர், அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ், கணினிப் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் என்று ஒரு முழு டொமைனே உங்கள் மடிக்கணினிக்குள் எழுந்து நின்று, சோதனை முடிந்ததும் தடயமில்லாமல் போய்விடும். முழுத் தொகுப்பையும் ஓட்டினால் மணிக்கணக்கில் எடுக்கும் என்பதால், உங்களுக்கு வேண்டிய சோதனையின் பெயரை மட்டும் கொடுத்து ஓட்டுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு 'நோன்ஃபெயில்' பட்டியல். ஒரு பிழையைக் கண்டால், முதலில் அதைக் காட்டும் சோதனையை எழுதி, "இது தோற்கும் என்று தெரியும்" என்று அந்தப் பட்டியலில் பெயரைச் சேர்த்து அனுப்பலாம். அடுத்த கமிட்டில் (நிரலில் சேரும் மாற்றப் பதிவில்) நீங்களோ வேறொருவரோ திருத்தத்தை எழுதும்போது பட்டியலிலிருந்து அந்த வரியை நீக்க வேண்டும். நீக்க மறந்தால், சோதனை எதிர்பாராமல் வென்றுவிட்டது என்று சொல்லி அதையும் தோல்வியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். திருத்தும் திறமை இல்லாதவரும் பிழையை நிரூபித்துப் பதிவில் நிறுத்திவிட முடியும் என்பதால்தான், சோதனை மட்டும் எழுதுபவருக்கு இந்தத் திட்டத்தில் உண்மையான இடம் இருக்கிறது என்கிறேன்.

நிரல் எழுதுபவர்களை நான் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாம்பாவில் அந்த இரண்டு வேலையையும் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான், சோதனை இல்லாத திருத்தத்தை அனுப்பினால், "சோதனை எங்கே?" என்ற கேள்விதான் முதலில் வரும். டெவலப்பர் ஒரு சாதி, டெஸ்டர் ஒரு சாதி என்று பிரித்து, சம்பளத்தையும் அப்படியே பிரிக்கும் வழக்கம் நம் ஊர் நிறுவனங்களுடையது. ஒரு நேர்காணலில் என்னிடம், "அப்படியானால் நீங்கள் மேனுவல் டெஸ்டிங்கா, ஆட்டோமேஷனா?" என்று கேட்டார்கள். டொமைன் கன்ட்ரோலரின் பிழைக் குறியீடுகளை விண்டோஸோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த இரண்டில் எந்தக் கட்டத்தில் அடங்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உங்கள் சுயவிவரத்தில் 'டெஸ்டிங்' என்ற சொல்லை எழுதாமல், எந்த நெறிமுறையில் எந்த நடத்தையைச் சரிபார்த்தீர்கள் என்று எழுதி, கமிட்டின் இணைப்பையும் கொடுத்துவிடுங்கள்.

தொடங்குவதற்கு, சாம்பாவின் பிழைப் புகார்ப் பதிவேடான பக்ஸில்லாவில் 'எனக்கு இப்படி நடக்கிறது' என்று மட்டும் சொல்லி நிற்கும் புகார் ஒன்றை எடுத்து, அதை மீண்டும் நிகழ்த்தும் சோதனையை எழுதிப் பாருங்கள். பைத்தானிலும் எழுதலாம். நிரலைப் பகிரும் தளமான கிட்லேபில் இணைப்புக் கோரிக்கை (உங்கள் மாற்றத்தைச் சேர்க்கும்படியான வேண்டுகோள்) அனுப்பினால் தானியங்கிச் சோதனைகள் ஓடும். அணியினர் இருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் ஆட்டோபில்டு என்ற தானியங்கிச் சோதனை ஓட்டம் முழுவதும் தேறினால்தான் முதன்மைக் கிளைக்குள் போகும். நிறுவனங்களின் பெயரில் பதிப்புரிமை உள்ள நிரலை 2011 வரை அவர்கள் வாங்கவே மாட்டார்கள்; இப்போது வாங்குகிறார்கள். ஆனாலும் அலுவலக நேரத்தில் எழுதினால் அது யாருடையது என்று உங்கள் பணி ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டு, நிரலைத் தர உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் பங்களிப்பாளர் உறுதிமொழியை முதலில் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அது போகாமல் கோரிக்கை மட்டும் போனால், சோதனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கேயே நிற்கும்.