கையைத் தூக்கினால் கால் தடுமாறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 69. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மகன் வீட்டில் இருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். காண்டாவில், அதாவது தோளில் வைக்கும் காவடிக் கம்பில், இரண்டு வாளிப் பாலைச் சுமந்து மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறேன். இப்போது சும்மா நின்றால் ஒன்றுமில்லை. துணி காயப்போடவோ சாமி மேடை விளக்கை எடுக்கவோ கையைத் தூக்கினால் உடம்பு முன்னால் சாய்கிறது. தலைசுற்றல் இல்லை. பத்து வருடமாக இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, மாத்திரை சாப்பிடுகிறேன். வயதானால் அப்படித்தான் என்கிறான் மகன்.

பதில்: அம்மா, சும்மா நின்றால் ஒன்றுமில்லை என்று எழுதினீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது.

கையை முன்னால் தூக்கினால் உடம்பின் பாரமும் முன்னால் நகரும். அதற்காக மூளை முன்கூட்டியே ஒரு வேலை செய்கிறது. கை அசைவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் முந்தி, தொடையின் பின்பக்கத் தசையும் முதுகுத் தசையும் இறுகிவிடும். சோவியத் ஆய்வாளர்கள் 1967-லேயே இதை அளந்து எழுதினார்கள். நீங்கள் காண்டாவைத் தோளில் ஏற்றிய ஒவ்வொரு விடியலிலும் உங்களுக்குத் தெரியாமலே இது நடந்திருக்கிறது.

வயதாக ஆக இந்த முன்னேற்பாடு பிந்துகிறது, பலமும் குறைகிறது. கை புறப்படும்போதுதான் காலும் விழித்துக்கொள்கிறது. சாய்ந்த பிறகு உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய வேகமும் முன்போல் இல்லை. பயத்தில் பலர் காலை விறைப்பாக வைத்துக்கொள்வார்கள். நிற்க அது உதவலாம், அசையும்போது உதவாது.

ஆகவே மகன் சொன்னது பாதி சரி. மறுபாதி இனிப்பு நீராக இருக்கலாம். அது பாதத்து நரம்பைக் கெடுத்தால், தரை எப்படி இருக்கிறது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போகாது. கிளினிக்கில் பாத உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். படுத்தும் எழுந்து நின்றும் ரத்த அழுத்தம் பார்க்கட்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினால் கவனிக்க வேண்டும், தலை சுற்றாவிட்டாலும்கூட. கண்புரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், ஃபார்மசியில் நீங்களாக வாங்கிய சளி மாத்திரை, தூக்க மாத்திரை உட்பட. அவற்றைச் சொல்லாமல் விடுபவர்கள் பலர்!

வீட்டில் ஒரு சோதனை. மகன் பக்கத்தில் நிற்கட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள். 12 வினாடிக்கு மேல் ஆனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நல்ல சேதி, இந்த முன்னேற்பாட்டைப் பழக்க முடியும். முதியவர்களை நின்றபடி பந்து பிடிக்க வைத்துப் பார்த்ததில், தசைகள் மறுபடி முந்திக்கொள்ளத் தொடங்கின. கிளினிக்கில் பிசியோதெரபி இருந்தால் அங்கே தொடங்குவது நல்லது. பிறகு வீட்டில், பின்னால் சுவரும் பக்கத்தில் கனமான மேசையும் இருக்கும்படி நின்று, பேரப்பிள்ளையை மெத்தென்ற பந்தை மெதுவாகப் போடச் சொல்லுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் தினமும் நடக்கட்டும். தொளதொளத்த சிலிப்பர் மட்டும் வேண்டாம்.

திடீரென ஒரு பக்கம் கை கால் பலமிழந்தாலோ பேச்சு குழறினாலோ நேரே மருத்துவமனைக்குப் போங்கள்; அது வேறு விஷயம்.

துணிக்கொடியை மகனிடம் சொல்லித் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.