காதுக்குள் ஓயாத அரிப்பு

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன், வயது 41. ரெண்டு காதுக்குள்ளும் தாங்க முடியாத அரிப்பு, ராத்திரி தூக்கமே இல்லை. ஊக்கு, பட்ஸ், கோழி இறகு எல்லாம் விட்டுக் குடைந்தாச்சு. தவிடு மாதிரி தோல் உதிர்கிறது, சில நாள் நீர் கசிகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தைப் போட்டதும் அரிப்பு கூடிவிட்டது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடச் சொல்கிறார் அம்மா. விடலாமா?

பதில்: விடாதீங்க. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும், சூடாக இருந்தால் தோல் வெந்துவிடும். அந்தப் பூண்டு எண்ணெயில் ரசம் தாளிக்கச் சொல்லுங்க.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் காதுக் குழாயின் தோலில் வரும் எக்சிமா, அதாவது அரிப்போடு தோல் உதிரும் அழற்சி போலத் தெரிகிறது, ஆனால் பூஞ்சையும் இப்படித்தான் அரிக்கும் என்பதால் காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அழுக்கு சேர்ந்து வருவதில்லைங்க இது. பெரியவர்களுக்கு அந்தக் குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம்தான், உள்பகுதியில் எலும்பின் மேலேயே மெல்லிய தோல் ஒட்டியிருக்கும், அதில் ஊக்கு பட்டால் கீறாமல் என்ன செய்யும்? குறும்பி என்று நாம் வழித்துப் போடுவது கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ள மெழுகு, கிருமியையும் பூஞ்சையையும் அண்ட விடாமல் வைப்பதே அதுதான். அதை வழித்துவிட்டுத் தோலையும் கீறினால் இன்னும் அரிக்கும், மறுபடி குடையத் தோன்றும்.

தலையில் பொடுகு, புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் இருக்கிறதா பாருங்க. இருந்தால் காதிலும் அதே கோளாறாக இருக்கலாம், பொடுகுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். தலைச்சாயம், ஷாம்பு, மணிக்கணக்கில் மாட்டும் இயர்போன் இவையும் காரணமாகலாம். அப்புறம் அந்தச் சொட்டு மருந்து! பல சொட்டு மருந்துகளில் நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து இருக்கிறது, அதுவே சிலருக்கு ஒவ்வாமை தரும். பாட்டிலை மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டுங்க.

உதிர்ந்த தோலை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஸ்டீராய்டு சொட்டோ களிம்போ தருவார். ஒன்றிரண்டு வாரம், அவர் சொன்ன அளவுதான். அரிப்பு நிற்கிறதே என்று மாசக்கணக்கில் போட்டால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும், அதற்கு மருந்தே வேறு. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காது வாசலில் வைத்து, குளித்ததும் எடுத்துவிடுங்க. கொடிவேரி அணைக்குக் குளிக்கப் போனாலும் கொஞ்ச நாளைக்குத் தலை முங்க வேண்டாம். முற்றிலும் போய்விடுமா என்றால், அடங்கும், சிலருக்குத் திரும்பி வரும். வந்தால் முதல் நாளே ஊக்கைத் தேடாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை இருக்கிறது. காது அரிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இப்போது ராத்திரியில் கடும் வலி, சீழும் வருகிறது. கோபியில் இருக்கிறோம். கொஞ்ச நாள் பார்க்கலாமா?

பதில்: பார்க்க வேண்டாங்க, இன்றைக்கே கூட்டிப் போங்க. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காதுக் குழாய்த் தொற்று எலும்புவரை இறங்கிவிடலாம், அது உயிருக்கே ஆபத்து. முகம் ஒரு பக்கம் கோணியிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீங்க. சர்க்கரை அளவு எழுதிய சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்க.