முதலில் விண்ணப்பம், அப்புறம் வீடியோ

கேள்வி: விரலால் தள்ளித் திரையைத் திறக்கும் வசதி ஐபோனுக்கு முன்பே வேறொரு போனில் இருந்ததாமே? பிறகு எப்படி ஆப்பிளுக்குக் காப்புரிமை கிடைத்தது? நான் ஒரு கருவி செய்திருக்கிறேன். அதன் டெமோ வீடியோவை இப்போதே யூடியூபில் போடலாமா?

பதில்: இருந்தது உண்மைதான். ஸ்வீடனின் நியோநோட் என்1 போனில் பவர் பொத்தானை அழுத்தினால், வலப்பக்கம் தள்ளித் திறக்கச் சொல்லி ஒரு வரி வரும். தள்ளினால் திறக்கும். ஆனால் விரலோடு சேர்ந்து நகரும் படம் அதில் கிடையாது. ஆப்பிள் உரிமை கேட்டது அந்தப் படத்தோடு சேர்த்துத்தான்.

அந்தச் சின்ன வித்தியாசம் போதுமா என்பதுதான் வழக்கே. போதாது, துறை தெரிந்த யாருக்கும் எளிதில் தோன்றக்கூடியதுதான் என்றது லண்டன் உயர் நீதிமன்றம் (2012). ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமும் 2015-இல் காப்புரிமையை ரத்து செய்தது. அமெரிக்காவில் சாம்சங்குக்கு எதிரான வழக்கில் கதை வேறு: 2016 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் செல்லாது என்றார்கள், அக்டோபரில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு செல்லும் என்றது. 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் திரையைத் தள்ளித் திறந்தபோது கூட்டம் ஆரவாரம் செய்ததே, அந்த வீடியோவும் ஆப்பிளுக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

உங்களுக்கான பாடமும் அதே மேடையில்தான் இருக்கிறது. கடைசிப் படத்தைத் தாண்டி இழுத்தால் திரை துள்ளித் திரும்புமே, அதையும் ஜாப்ஸ் அன்று செய்து காட்டினார். விண்ணப்பம் போட்டது சில மாதம் கழித்து. வெளியே காட்டிய பிறகும் விண்ணப்பிக்க, அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஒரு வருட அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அது கிடையாது. 2013-இல் மியூனிக்கில் உள்ள காப்புரிமை நீதிமன்றம் அந்த உரிமையை ரத்து செய்தது, ஆப்பிளின் சொந்த வீடியோவை வைத்தே!

நம் நாட்டுச் சட்டமும் இதில் கறார்தான். அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டும் 12 மாத அவகாசம். யூடியூப் அதில் வராது. அதனால் முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துவிடுங்கள். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். வெறும் மென்பொருளுக்கு இங்கே காப்புரிமை இல்லை என்பதால், கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை விரிவாக எழுதுங்கள்.

வீடியோ ஏற்கெனவே போய்விட்டதா? நீக்கிவிட்டால் சரியாகிவிடாது. வெளியிட்ட தேதியோடு காப்புரிமை முகவரிடம் காட்டுங்கள். வெளித்தோற்றம் மட்டும் தெரிந்து, உள்ளே நடப்பது தெரியவில்லை என்றால் இன்னும் வழி இருக்கலாம்.